ஃப்ரிட்ஜ் கதவில் ஐந்து விதிகள்

ஜூன் 1, ஞாயிறு

ஒரு வழியாக விதிகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். நாளை பள்ளி திறக்கிறது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

போன் சாயங்காலம் ஆறு முதல் ஏழு வரைதான். ஹாலில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், அறைக்குள் எடுத்துப் போகக் கூடாது. லாக் எண் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களோடு பேச்சோ மெசேஜோ கூடாது. ஐந்தாவதைச் சிவப்பு மையில் எழுதினேன்: இதில் எதை மீறினாலும் பத்தாம் வகுப்பு முடியும்வரை போன் கிடையாது.

எட்டு வயது மகி கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாள். பதின்மூன்று வயது சம்யு முழுவதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சண்டைக்கு வருவாள் என்று பயந்திருந்தேன். வரவில்லை. நல்லதுதான்.

மே மாதம் எங்களுக்கு நேரம் சரியில்லை. பிள்ளைகளின் டேப்லெட் கீழே விழுந்து உடைந்தது. அதே வாரம் சம்யு குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டில் கட்டுப் போடும்படி ஆனது. கட்டைப் போன புதன்கிழமைதான் பிரித்தார்கள். இப்போதைக்கு அவளுக்கு என் வீட்டுக்காரரின் பழைய போன்.

அவர் சூரத்தில் நூல் மில்லில் சூப்பர்வைசர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உடுமலைக்கு வந்து நான்கு நாள் இருப்பார். மற்ற நாளெல்லாம் நான் ஒருத்திதான். விதிகளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

ஜூன் 5, வியாழன்

நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேபில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம் ஒன்றரைக்கு மேல் ரத்தம் கொடுக்க ஆள் வருவதில்லை. மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும்தான்.

காலையில் மொபைல் ரிப்பேர் கடைக்குப் போய் டேபை வாங்கி வந்தேன். "போர்டு போயிருச்சுங்க்கா, இனி ஆகாது" என்றார் கடைக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையாகப் பேசுகிறவர். கொடுத்தபோது லாக் எண்ணும் போன் நம்பரும் கேட்டு பில்லில் எழுதிக்கொண்டவர். லேபில் என் போனை எடுக்க முடியாது என்பதால் வீட்டிலிருக்கும் பழைய போனின் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க வேண்டும். மறந்தே போகிறது.

ஜூன் 9, திங்கள்

சம்யு இன்று ஆறு நாற்பதுக்கே போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே என்றேன். "போதும்மா" என்றாள்.

அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "பரவால்லியே வளரு, கண்டிசன்னா கண்டிசன்தான்" என்று சிரித்தார்.

ராத்திரி ரசம் சாதம் பாதியை வைத்துவிட்டாள். எட்டாம் வகுப்புப் பாடம் அதிகம், அதனால் இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள் இருந்த பழைய போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. சம்யு கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. சட்னி சுவரெல்லாம் தெறித்தது. நான் திட்டவில்லை. திட்டுவதற்குள் அவளே தரையில் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்துவிட்டாள். வலது கையால் துடைத்துக்கொண்டே இடது கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். அது ஏன் என்று தெரியவில்லை.

பிறகு கேட்டாள்: "அம்மா, நீங்க எத்தன மணிக்குப் போவீங்க, எத்தன மணிக்கு வருவீங்கன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எதிர்வீட்டு ரங்கநாயகி அக்காவுக்குத் தெரியும். ஏன் கண்ணு?"

"சும்மா."

ஜூன் 16, திங்கள்

மகி சொல்கிறாள், அக்கா நம் வீட்டு கேட்டையும் பூட்டையும் போட்டோ எடுத்தாளாம். சம்யுவைக் கேட்டேன். பள்ளியில் "எங்கள் வீடு" என்று ஒரு ப்ராஜெக்ட் என்றாள். பூட்டை எதற்கு எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். குக்கர் விசில் வந்தது. போய்விட்டேன்.

ஜூன் 18, புதன்

இன்று லேபில் நாற்பது பேர், ஒரே அசதி.

ஆறு மணிக்கு போனை எடுத்துக் கொடுத்தேன். சம்யு வாங்கவில்லை. "அம்மா, இந்தப் போன யாருக்காவது குடுத்துருங்க" என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். ஊரெல்லாம் பிள்ளைகளிடமிருந்து போனைப் பிடுங்கப் போராடுகிறார்கள், என் பிள்ளை தானாகவே வேண்டாம் என்கிறாள். அவள் அதோடு விடவில்லை.

"சிம்மையும் ஒடச்சுருங்க."

"சிம் எதுக்கு ஒடைக்கோணும்?"

அவள் மகியின் தலையைப் பின்னிவிடப் போய்விட்டாள். மூன்று முறை பின்னினாள், மூன்று முறையும் பிரிந்துகொண்டது.

ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் லேபில் ஆள் இல்லாத நேரம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன். யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு ஒரு ஆண்குரல்.

"சம்யு அம்மாங்களா? இன்னைக்கும் ஆறு மணிக்குத்தான் வருவீங்களா?"

"யாருங்க நீங்க?"

வைத்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டேன், அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

அவரிடம் சொன்னேன். கூரியர்காரனாக இருக்கும் என்கிறார். இருக்கும். கூரியர்காரனுக்குப் பிள்ளையின் பெயர் எப்படித் தெரியும் என்பதை மட்டும் யோசிக்காமல் இருந்தால், இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய போனைத் திறந்து பார்த்தேன். அம்மா, அப்பா, பள்ளி குரூப். வேறு ஒன்றுமே இல்லை. ஒரு படம் இல்லை, ஒரு விளையாட்டு இல்லை, நண்பர்கள் அனுப்பிய ஒரு வேடிக்கைகூட இல்லை. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. கேட்டையும் பூட்டையும் எடுத்த போட்டோ எங்கே?

கேட்டுக்கு இரண்டாவது பூட்டு ஒன்று போட்டேன்.

ஜூன் 21, சனி

இன்று சம்யுவை உட்கார வைத்துக் கேட்டேன். யார் அந்த ஆள், எதை அழித்தாய், எந்த விதியை மீறினாய் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தம் போட்டேன். அவள் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் அரைமணி நேரம் கேட்டது. நான் கதவைத் தட்டினேன், கெஞ்சினேன், மறுபடி கத்தினேன்.

மகி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அக்காவ மறுபடியும் அடிக்காதீங்க."

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளை அடிப்பது

இந்த வரியை முடிக்க முடியவில்லை.

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. டேப் கீழே விழவில்லை. மே பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நான் கடையிலிருந்து வந்தேன். எட்டு மணிக்குப் போகும்போது டேபோடு உட்கார்ந்திருந்தவள் அப்படியே இருந்தாள். நான் பிடுங்கினேன். அவள் விடவில்லை. பிடுங்கி, அதாலேயே அடித்தேன். முகத்தை மறைக்கத்தான் அவள் கையைத் தூக்கினாள். எத்தனை அடி என்று எண்ணவில்லை. டேப் உடைந்த பிறகும் ஒரு அடி அடித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தாள் என்று நான் சொன்னேன். டாக்டர் சம்யுவைப் பார்த்தார். "ஆமாங்க சார், பாத்ரூம்ல" என்று அவளும் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே சொன்னாள்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று ராத்திரிதான் கதவைத் திறந்து வந்தாள். இன்று நான் வாஷர் வாங்கி ஜாருக்குப் போட்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். ஒழுங்காக எழுதினால்தான் என் மனதுக்குள் ஒழுங்காகும்.

காலையில் சம்யு வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகவில்லை. எனக்கு லீவு கிடைக்கவில்லை. எதிர்வீட்டு ரங்கநாயகி அக்காவிடம், தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே எங்கள் கேட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகியைப் பள்ளியில் விட்டுவிட்டு லேபுக்குப் போனேன்.

பன்னிரண்டரைக்கு ஒரு பெண்பிள்ளை ரத்தம் கொடுக்க வந்தாள். சம்யு வயதுதான் இருக்கும். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் தன் அம்மாவின் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். பதினேழு வருடமாக ஊசி குத்துகிறேன், நரம்பு தவறுவது அபூர்வம். அந்தப் பிள்ளைக்கு இரண்டு முறை தவறியது. சம்யு பயந்தால் யாரிடம் முகத்தைப் புதைப்பாள் என்று தோன்றியதும் பக்கத்தில் இருந்தவரிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஒன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். கேட்டில் இரண்டு பூட்டும் இல்லை. திறந்து கிடந்தது.

உள்ளே சம்யு சுவரோரம் செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை.

"ஏம்மா வந்தீங்க? போயிருங்கம்மா! நீங்க இல்லாதப்பதான் வரேன்னு சொல்லிருக்கான்."

"யாரு?"

"ரெண்டு மணிக்கு கேட்டத் தொறந்து வைக்கோணும், யாரும் இருக்கக் கூடாதுன்னான். போயிருங்கம்மா. இல்லீன்னா அனுப்பிருவான்."

"எதை அனுப்புவான் சாமி? எதுன்னாலும் பரவால்ல, சொல்லு."

ஏதோ அசிங்கமான படம் என்றுதான் நினைத்தேன். எந்தத் தாயும் அதைத்தான் நினைப்பாள். ஆறு மணி முதல் ஏழு மணி வரை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேனே, எப்போது எடுத்தாள் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

முதலில் ஓடிப்போய் இரண்டு பூட்டையும் போட்டேன். வீட்டுக் கதவைத் தாழ் போட்டேன். ரங்கநாயகி அக்காவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். நூறுக்கு அடித்து விலாசம் சொன்னேன். பிறகு ஹாலில் அவளோடு தரையில் உட்கார்ந்தேன். மணி ஒன்று முப்பத்தைந்து. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாழைப்பழ வண்டி போயிற்று. எந்தச் சத்தம் கேட்டாலும் இரண்டு பேருக்கும் தூக்கிப் போட்டது.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு பைக் வந்து நின்றது. கேட்டின் கொக்கி மெதுவாக அசைந்தது. யாரோ திறந்துதானே இருக்கும் என்ற நினைப்பில் தள்ளிப் பார்ப்பது தெரிந்தது. சம்யு என் தோளைக் கடித்துக்கொண்டாள். கத்தாமலிருக்க.

ஜன்னல் திரை இடுக்கில் பார்த்தேன். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது அந்த ரிப்பேர் கடைக்காரர். இரண்டு வாரத்துக்கு முன் என்னை அக்கா என்று கூப்பிட்டவர்.

எதிரிலிருந்து ரங்கநாயகி அக்கா தெருவே கேட்கும்படி கத்தினார்: "ஏனுங் தம்பி, யாரு வேணும் உங்களுக்கு?"

"கூரியருங்க."

"கூரியரு பை இல்லாம வருமா? நில்லுங், நில்லுங்கறேன்!"

பைக் கிளம்பிப் போய்விட்டது. அக்கா வண்டி நம்பரைத் தைக்க வைத்திருந்த ஜாக்கெட் துணியிலேயே சாக்கட்டியால் எழுதி வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் சம்யு சொன்னாள். அவன் கேட்ட போட்டோவை அனுப்பியதும் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்வானாம். முதலில் அவன் அனுப்பிய ஒன்றை மட்டும் அவள் அழிக்கவில்லை. பள்ளிக் கட்டுரை என்று பெயர் மாற்றி எங்கோ ஒளித்து வைத்திருந்தாள். எடுத்துக் காட்டினாள். படம் இல்லை, ஒலிப்பதிவு.

மே பதினொன்றாம் தேதி அவள் விளையாடவில்லை. மகி தூங்குவதற்குப் போட்டுக் கேட்கட்டும் என்று ஒரு முயல் கதையைத் தன் குரலில் பதிவுசெய்துகொண்டிருந்தாள். "அப்போ அந்த முயல் என்ன பண்ணுச்சு தெரியுமா மகி" என்று கேட்கிறது. பிறகு கதவு. பிறகு என் குரல். அது என் குரல்தான். அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்குத் தெரியாது. திரை நொறுங்கிய பிறகும் அது பதிவாகிக்கொண்டே இருந்திருக்கிறது. "அம்மா வேண்டாம்மா, கை போயிருச்சும்மா" என்பது வரைக்கும்.

அந்த டேபை நான்தான் லாக் எண்ணோடு அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இத போலீசுக்கு அனுப்பினா உங்கம்மா ஜெயிலுக்குப் போயிருவாங்கன்னு சொன்னான்மா. அப்பாவும் இங்க இல்ல. மகிய யாரு பாத்துக்குவாங்க? அதான் அவன் கேட்டதெல்லாம் எடுத்து அனுப்புனேன். உங்க நம்பரயும் குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு."

அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியாதவங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு எழுதியிருக்கே. பேசிட்டேன்னு தெரிஞ்சா நீங்க அடிப்பீங்கல்ல."

ஜூன் 24, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

போலீஸ் வண்டி வருவதற்குள் சம்யு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "இத அழிச்சுரலாம்மா. அவன் வந்தான்னு மட்டும் சொல்லிக்கலாம்." போன் என் கையில் இருந்தது. அழிக்கவா என்று அது கேட்டது. என் விரல் அதன் மேல் இருந்தது. ஐந்து நிமிடமாவது அப்படியே வைத்திருந்தேன். அழித்துவிட்டால் அவன் ஏதோ கூரியர் கொடுக்க வந்தவன். அழிக்காவிட்டால் நான் யார் என்பது ஊருக்குத் தெரியும். அவரிடம் சொன்ன பொய், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், எல்லாம் தெரியும். நான் அழிக்காததற்கு என் நேர்மை காரணமில்லை. அவன் கையில் இதன் இன்னொரு நகல் இருக்கிறது, நாளைக்கும் கேட்டைத் தள்ளுவான் என்ற பயம்தான்.

மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா அதை முழுவதும் கேட்டார். நடுவில் நிறுத்தவில்லை. நான் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் சம்யுவின் இடது கையை வாங்கி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அவனப் புடிச்சுருவோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதையும் நான் எழுதித்தான் ஆகணும்மா. குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். விட முடியாது."

"எழுதுங்க மேடம்" என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

அவனைப் பிடித்துவிட்டார்கள். கடையில் இருந்த கம்ப்யூட்டரில் ரிப்பேருக்கு வந்த எத்தனையோ போன்களிலிருந்து படங்களும் பதிவுகளும் எடுத்து வைத்திருந்தானாம். அன்று எதற்கு வந்தான் என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கேட்டேன். "அதத் தெரிஞ்சுக்காதீங்க, உள்ள வராமப் போயிட்டான்ல, அது போதும்" என்றார். அந்தப் பதில்தான் இப்போது தினமும் என்னை எழுப்புகிறது.

அவர் சூரத்திலிருந்து வந்துவிட்டார். என்னிடம் கத்துவார் என்று காத்திருந்தேன். சம்யுவின் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "வழுக்கி உழுந்தான்னு எங்கிட்டயும் சொன்னயே வளரு" என்றார். "நானும் தள்ளி இருந்து கேட்டுட்டு உட்டுட்டேன்."

ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கிழித்துவிட்டேன். மகி வந்து, அப்படியானால் போன் எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. ஒரு விதியும் இல்லாமலும் வளர்க்க முடியாது. எப்படிச் சொன்னால் பிள்ளை மீறிவிட்டு என்னிடமே ஓடி வருவாள் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 9, புதன்

திருப்பூருக்குப் போய் வந்தோம். குழந்தைகள் நலக் குழு அலுவலகம். சம்யுவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு அம்மா நாற்பது நிமிடம் பேசினார். என் வீட்டுக்காரரும் மகியும் கீழே இளநீர் குடிக்கப் போனார்கள். நான் மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன சொல்கிறாளோ என்று பயம். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்கு மாதம் ஒருமுறை நானும் சம்யுவும் வர வேண்டும். எனக்குத் தனியாக ஆலோசனை உண்டு. இடையில் வீட்டுக்கும் ஆள் வந்து பார்ப்பார்கள். மறுபடி கை ஓங்கினால் பிள்ளைகள் என்னிடம் இருக்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சம்யு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல்லடம் தாண்டும்வரை கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"உள்ள என்ன கேட்டாங்க கண்ணு?"

"வீட்ல பயமா இருக்கான்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"இருக்குன்னு சொன்னேன்."

"அவனப் பாத்தா? அவன்தான் ஜெயில்ல இருக்கானே சாமி."

சம்யு ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"அவனப் பாத்தும். உங்களப் பாத்தும்."

இதைச் சொன்ன பிறகு அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள், கையை மறைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன செய்யப் போகிறேன் என்று.